நானூற்று நாற்பதும் அதற்குக் கீழும்

கிடங்கின் சரக்கு லிஃப்டை ஓட்டுகிறவளை எல்லாரும் 'மணியக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். பாரம் கூடினால் மணியை அடித்து ஊரைக் கூட்டிவிடுவாள். புது லிஃப்ட் வரப்போகிறது. பத்தாவது தேறியவருக்குத்தான் அதில் இடம், இல்லையென்றால் துடைப்பம் என்று மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். அவளோ கணக்கில் இரண்டு முறை கோட்டைவிட்டவள்.

வேலை முடிந்து வந்து, பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு உட்காருவாள். எதிரே, கல்லூரி முடித்த நாத்தனார்.

"லிஃப்ட் ஐந்நூறு கிலோ வரை தாங்கும். ஓட்டுபவரின் எடை அறுபது கிலோ. எவ்வளவு சரக்கு ஏற்றலாம்?" என்று வாசித்தாள் நாத்தனார். "உங்களுக்குன்னே போட்ட கணக்கு, அண்ணி."

"அறுபதா? அதெல்லாம் ஒரு காலம்."

கண் சொருகச் சொருக மணியக்கா எழுதினாள்: x + 60 ≤ 500. அடுத்த வரியில் x ≤ 440. எண்கோடு இழுத்து, நானூற்று நாற்பதில் வட்டம் போட்டு, அங்கிருந்து சுழியம் வரை கோட்டைத் தடிப்பாக்கினாள். எல்லாம் சரி. வட்டம் மட்டும் காலி.

"மறுபடியுமா? 'வரை'ன்னா அந்த எண்ணும் சேர்த்திதான். உள்ளே நிரப்புங்க. காலியா விட்டா அதைத் தொடக் கூடாதுன்னு அர்த்தம்."

"தொடக் கூடாதுதான்."

"அண்ணி!"

"நீ ஏறிப் பாத்திருக்கியா? சரியா அந்த அளவு ஏத்துனா ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடும். ஒருக்கா அப்படி நின்னப்ப உள்ள நான் இருந்தேன். மூச்சு முட்டிப் போச்சு."

நாத்தனார் நோட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். "அந்த லிஃப்டோட குணம் கணக்குக்குத் தெரியாது அண்ணி. கேட்டதுக்கு மட்டும் பதில் எழுதுங்க."

தேர்வில் பாலக் கணக்கு வந்தது. பாலம் பத்து டன் வரை தாங்கும். வெறும் லாரி நான்கு டன். ஆறில் வட்டம் போட்டதும் கை தானாக நின்றது. அந்த லாரிக்காரனை நினைத்தாள். பிறகு துடைப்பத்தை நினைத்தாள். பேனாவை அழுத்தி நிரப்பினாள்.

தட்டுத் தடுமாறித் தேறிவிட்டாள். புது லிஃப்டில் முதல் நாளே சுமைதூக்கி கடைசி மூட்டையை உள்ளே தள்ளினார்.

"அளவு வரைக்கும்தான் இருக்கு மணியக்கா. கணக்குல பாஸானவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்ணே." கடைசி மூட்டையைக் காட்டினாள். "பரீட்சையில வட்டத்த நிரப்பிக் குடுத்துட்டேன். இங்க ஒரு மூட்டைய எறக்குங்க."

"இது புது லிஃப்டு மணியக்கா!"

அவள் கை அதற்குள் மணிக்குப் போயிருந்தது. முணுமுணுத்தபடியே அவர் மூட்டையை இறக்கினார்.