ஆளைக் காணோமே என்று கேட்ட குரல்

என் குழந்தை வயிற்றில் இருந்த ஐந்தாம் மாதத்திலேயே போய்விட்டது. சாட்சியை இப்படித் தொடங்க எனக்கும் மனமில்லை. ஆனால் கர்த்தர் என்னைச் சந்தித்த இடம் அதுதான்.

நான் எஸ்தர். டெல்லியில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐசியூவில் நர்ஸ். என் கணவர் சாமுவேலின் அரசாங்கக் குவார்ட்டர்ஸில், மோதி பாக்கில் இருக்கிறோம். நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதற்காக ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆன்லைன் மேற்படிப்பு சேர்ந்தேன். டியூட்டி முடிந்து வந்து, சமைத்துவிட்டு, லேப்டாப்பைத் திறப்பேன். அந்த நாட்களில்தான் கர்ப்பமானேன்.

எல்லாம் முடிந்து வீடு திரும்பிய வாரம் சபையிலிருந்து சகோதரிகள் பார்க்க வந்தார்கள். ஜெபித்தார்கள். கிளம்பும்போது ஒருவர் சொன்னார்: "வேலையும் பாத்து, படிப்பும் படிச்சா உடம்பு தாங்குமா? பிள்ளை எப்படித் தங்கும்?"

மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

அது காரணமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். நர்ஸான எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. லேப்டாப்பை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

வகுப்புக்குப் போவதை நிறுத்தினேன். பல்கலைக்கழகத்திலிருந்து நினைவூட்டல்கள் வந்துகொண்டே இருந்தன. எல்லாம் கம்ப்யூட்டர் தானாக அனுப்புகிறவை. நான் செத்துப்போயிருந்தாலும் அதே வாக்கியம்தான் வந்திருக்கும். வார்டில் இன்சார்ஜ் சிஸ்டர், "அச்சா, அப் டீக் ஹோ நா?", இப்போ சரியாயிட்டியா என்று இந்தியில் கேட்டார். பதிலுக்கு நிற்கவில்லை. என் கணவர் மட்டும் என்னோடு உட்கார்ந்து அழுதார். அவரும், "போதும்ளா எஸ்தர், படிப்ப விட்டுரு" என்றார்.

ஒரு மதியம் சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஜெபித்தேன். பக்தியோடு அல்ல, கோபத்தோடு. "ஆண்டவரே, எனக்குப் பட்டம் வேண்டாம். என்ன ஆச்சு என்று கேட்க ஒரு மனுஷியை அனுப்பும். அதுகூட உம்மால் முடியாதா?"

மறுநாள் மஸ்கட்டிலிருந்து போன் வந்தது. பாத்திமா. என் வகுப்புத்தோழி, மேலப்பாளையத்துப் பெண், அங்கே நர்ஸ். அதுவரை பாடத்தைத் தவிர நாங்கள் வேறெதுவும் பேசியதில்லை.

"அக்கா, கிளாஸ்ல பேரு இருக்கு, ஆளைக் காணோமே. என்னாச்சுக்கா?"

சொன்னேன். அவள் ஆறுதல் சொல்லவில்லை. அழுதாள். பிறகு, "படிப்ப என்ன செய்யணும்னு இன்னைக்கு முடிவு பண்ணாதீங்கக்கா. டீச்சர்ட்ட நான் பேசுதேன், பேசட்டுமா?" என்றாள்.

பேசினாள். ஒரு பருவம் விடுப்பு எடுத்துவிட்டுத் திரும்பி வரலாம் என்று விதியே இருந்தது. வந்த நினைவூட்டல் ஒன்றுகூட அதை எனக்குச் சொல்லவில்லை. டீச்சர் வீடியோவில் என்னைக் கூப்பிட்டு, என் இடம் எனக்காக இருக்கும் என்றார்.

திரும்பிச் சேர்ந்தேன். பாத்திமா எனக்கு ஒரு பருவம் முன்னால் போயிருந்தாள். ஆனாலும் ஞாயிறு மதியங்களில் இரண்டு பேரும் கேமராவைத் திறந்துவைத்துக்கொண்டு படிப்போம். நான் சோர்ந்தால், "இந்த ஒரு பக்கம் மட்டும்க்கா" என்பாள். நடுவில், "தொழுதுட்டு வந்துடுதேன்" என்று எழுந்து போவாள். அந்த நேரத்தில் நானும் கண்ணை மூடுவேன்.

இந்த வருடம் படிப்பை முடித்தேன். சபையில் என் போட்டோவைத் திரையில் போட்டுக் கைதட்டினீர்கள். சாட்சி சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார். ஆனால் என் வீட்டுக்கு வந்த உங்களில் ஒருவர் மூலமாக அல்ல. அந்தக் கசப்பு இன்னும் போகவில்லை. மன்னித்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். மன்னிக்கப் பழகுகிறேன்.

பாத்திமா படிப்பை முடிக்கவில்லை. கடைசிப் பருவத்தில் அவள் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போனாள். என்னை இழுத்துக் கரையேற்றியவள் தண்ணீரிலேயே நிற்கிறாள். இதற்கு ஆண்டவரிடம் நான் இன்னும் பதில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தினமும் அவளைக் கூப்பிடுகிறேன். சில நாள் எடுப்பதில்லை. மறுபடியும் கூப்பிடுகிறேன்.

அவளுக்காகப் பேர் சொல்லி ஜெபியுங்கள். ஆராதனைக்கு வராமல் நின்றுபோன யாராவது உங்கள் நினைவுக்கு வந்தால், இன்றைக்கே கூப்பிட்டு என்னாச்சு என்று கேளுங்கள். நீங்களாகக் காரணம் சொல்லாதீர்கள். அவர்கள் பேசி முடிக்கும்வரை கேளுங்கள். கோபத்தில் நான் செய்த ஜெபத்தையே கேட்டவர் அவர்கள் ஜெபத்தையும் கேட்பார். அவர் அனுப்பும் ஆள் இந்த முறை நீங்களாக இருங்கள்.