அப்பா உயர்த்திய பலகை

ஏரியில் ஆகாயத்தாமரை அள்ளும் படகை ஓட்டுவது அப்பாவின் வேலை. கொள்ளேகால் பக்கத்திலிருந்து மைசூருக்கு வந்த நாள் முதல் அதே படகு, அதன் பின்பக்கம் மாட்டிய அதே பழைய மோட்டார். போன மழைக்காலம் முடிந்ததும் அது சூடேறி நின்றுபோனது. ஓடவில்லையென்றால் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு, மூங்கில் கழியால் படகைத் தள்ளச் சொல்லிவிட்டார் சூப்பர்வைசர். அப்பாவின் வலது கை தோளுக்கு மேல் எழும்பாது. கழி பிடித்தால் ஒரு வாரம் தாங்கமாட்டார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பெண் பிள்ளைக்கு மெக்கானிக்கல் எதற்கு என்று உறவில் எல்லோரும் கேட்டபோது, "அவளுக்குப் புடிச்சிருக்குது" என்று மட்டும் சொல்லி டிப்ளமோவில் சேர்த்துவிட்டவர் அப்பா. இன்று பம்பு தொழிற்சாலையின் சர்வீஸ் பிரிவில் இருக்கிறேன். அந்தப் படிப்புக் காலம் முழுக்க எங்களுக்குச் சோறு போட்டது இந்த மோட்டார். ஸ்கூட்டரில் அப்பா அதைக் கட்டிப்பிடித்துக்கொள்ள, வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

படகு மோட்டார் ஏரித் தண்ணீரை இழுத்துத்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். தண்ணீருக்குள் நிற்கும் அதன் காலில் சிறு துளைகள் உண்டு. உள்ளே போன தண்ணீர் மேலே மெல்லிய தாரையாகப் பீய்ச்சும். அதை இழுக்கும் ரப்பர் சக்கரம் கருகி உதிர்ந்திருந்தது. புதிது மாட்டினேன். கார்புரேட்டரைக் கழுவி, பிளக்கை மாற்றினேன். சோதித்துப் பார்க்க, அம்மா தண்ணீர் பிடித்துவைத்திருந்த நீல டிரம்மில் இறக்கினோம்.

"நாளைக்குக் குளிக்க உன் மோட்டாரா தண்ணி கொண்டாந்து ஊத்தும்?" என்றாள் அம்மா.

கயிற்றை இழுத்ததும் புகை, இரைச்சல், பிறகு தாரை. அது நேராக அவள் முகத்தில் அடித்தது. "அய்யே, ஒரே எண்ணெ நாத்தம்!" என்றவள் துடைத்துக்கொள்ளாமலேயே சிரித்தாள்.

மறுநாள் ஏரியில் மோட்டாரைப் படகில் மாட்டித் திருகுகளை இறுக்கினேன். ஓடியது. செடி அள்ளும் இரண்டு பேர் முன்பக்கம் போய் நின்றார்கள். தாரை இளைத்து, நின்றேவிட்டது. சட்டென்று அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். மோட்டார் உட்காரும் பலகைக்கு மேல் இன்னொரு பலகை, நான்கு விரல் உயரத்துக்கு. முன்னால் ஆள் நின்றால் பின்பக்கம் எழும்பி, துளைகள் தண்ணீருக்கு வெளியே வந்துவிடுகின்றன. தண்ணீருக்குள் சுழலும் இறக்கையில் செடி சிக்கக்கூடாதென்று போன மழைக்காலத்தில் அப்பாவே அடித்த பலகை அது. மோட்டாரைக் கருக்கியதும் அதுதான்.

கரையில் சூப்பர்வைசர் நின்றிருந்தார். அவர் முன்னால் நாங்கள் கன்னடத்தில்தான் பேசுவோம். அவருக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் மெதுவாகச் சொன்னேன். "அப்பா, பலகெ ஒசரமாப் போச்சு. அதான் கருகியிருக்குது. இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க. திருகு லூசுன்னு நான் சொல்லிக்கறேன்."

அப்பா பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கரையைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி கன்னடத்தில் சொன்னார்: "தப்பு நந்தே சார். ஹலகெ நானே எத்தர மாடித்து. நன் மகளு கண்டுஹிடித்லு."

தப்பு தன்னுடையது, பலகையை உயர்த்தியது தான், கண்டுபிடித்தது தன் மகள். மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அவருடைய வேலைக்குப் பயந்து நான் மறைக்கப் பார்த்தேன். அவருக்கோ, கண்டுபிடித்தது யார் என்பதை விட்டுவிட மனமில்லை.

சூப்பர்வைசர் ஒரு கணம் முறைத்தார். பிறகு, அப்படியானால் நாளையிலிருந்து மகளையே அனுப்பிவிட்டு நீ வீட்டில் இரு என்று கிண்டலடித்தார்.

"அவ கம்பெனி விடாது, சார்" என்றார் அப்பா, அதே கன்னடத்தில், பெருமையாக.

கரையிலிருந்து ஒரு ரம்பம் வாங்கிவந்து என்னிடம் கொடுத்தார். நான் அறுக்க, அவர் பலகையைப் பிடித்துக்கொண்டார்.

"இனிமே செடி சிக்குமே, கண்ணு?"

"சிக்குனா நிறுத்தி எடுத்துட்டுப் போங்க. கருகுனா எடுக்க முடியாதுப்பா."

தாழ்த்தி மாட்டியபின் முன்னால் இரண்டு பேரையும் நிற்கவைத்தோம். தாரை குறையவில்லை. அதில் உள்ளங்கையை நீட்டிப் பார்த்தார் அப்பா. அந்தக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, மோட்டாரின் பிடியைப் பற்றி, உட்கார்ந்தபடியே படகை ஏரியின் நடுவுக்கு ஓட்டிக்கொண்டு போனார்.