சிவப்புக் கோட்டுக்குப் பின்னால்

கடலூர் மாநகராட்சியான பிறகு, சாலை விரிவாக்கத்துக்கு அளவெடுக்கும் தனியார் கம்பெனி ஒன்றில் இருந்தேன். சிதம்பரம் சாலையில் ஓட்டு வீட்டில் குடியிருந்த ஒரு தையல்காரரை அப்போதுதான் பார்த்தேன். ஒடிசலான மனிதர், கழுத்தில் எப்போதும் டேப் தொங்கும். அவர் வீட்டின் பக்கச் சுவரில், முன்னறை முழுவதையும் சாலைக்கு விட்டுவிட்டு, மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு. நிதி வராமல் நின்றுபோன ஏதோ பழைய சாலைத் திட்டத்தில், எதுவரை இடிபடும் என்று காட்டப் போட்டது.

பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிக்கும்போது, அந்தக் கோட்டை அவரே பெயிண்ட் வாங்கி வந்து புதுப்பிப்பார்.

"அழிச்சிட வேண்டியதுதானேங்க?" என்று கேட்டேன்.

"அழிஞ்சா புதுசா அளப்பாங்க சார். புதுசா அளந்தா ஜாஸ்திதான் போவும்."

முன்னறை காலியாகக் கிடந்தது. ஒழுகினாலும் ஓடு மாற்றுவதில்லை. போகப்போகிற அறைக்கு எதற்குச் செலவு? தையல் மிஷின், அடுப்பு, கட்டில் எல்லாம் கோட்டுக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறையில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன.

எங்கள் புதுத் திட்டத்தில் சாலை புறவழிச்சாலையாக ஊருக்கு வெளியே போய்விட்டது. சந்தோஷப்படுவார் என்று நானே போய்ச் சொன்னேன்.

"உங்க வீட்டுக்கு ஒண்ணும் ஆவாது. தைரியமா முன்னாடி மிஷினப் போடுங்க."

அவர் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க சொல்றீங்க சார். உங்களுக்கு அடுத்து வர்றவங்க சொல்லணுமே."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று இன்றுவரை தெரியவில்லை.

போன மாதம் சிதம்பரம் பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தேன். முன்னறையின் கூரை உள்ளே சரிந்து கிடந்தது. கோடு மட்டும் பளிச்சென்று இருந்தது.