களிமண் மிருகத்தின் நடை

நாங்கள் மீள்குடியேறி இரண்டாவது வருடம். வெள்ளாங்குளத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கூரை மட்டும் புதிதாகப் போட்டிருந்தார்கள். யன்னல்களுக்குக் கதவு இல்லை. ஒரு நாள் ரீச்சர் யன்னல்களைத் தறப்பாள் விரிப்பால் மறைத்து இருட்டாக்கிவிட்டு, தன் மடிக்கணினியில் பழைய ஆங்கிலப் படம் ஒன்றைப் போட்டார். அதில் ஒரு மிருகம் வந்தது. உடும்பின் உடம்பு, எருமையின் கொம்பு. இரண்டு காலில் நிமிர்ந்து, வெட்டி வெட்டி இழுத்தபடி நடந்தது. கடைசியில் ஈட்டி பட்டுச் சாகுமுன், களைத்த மாடு வைப்பதுபோலத் தலையை மெல்லத் தரையில் வைத்தது.

மற்றப் பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் அழுதேன். எனக்குப் பத்து வயது. யுத்தத்தில் நான் கண்ட சாவுகள் எதற்கும் அழுததாக ஞாபகம் இல்லை.

"அது பொம்மை, பிள்ளை," என்றார் ரீச்சர். "ஒருத்தர் கையால கொஞ்சம் அசைச்சு ஒரு படம் எடுப்பார். பிறகு இன்னும் கொஞ்சம் அசைச்சு இன்னொண்டு. அப்பிடியே ஆயிரக்கணக்கில எடுத்து ஓட்டிறது."

அன்று வீட்டுக்குப் போனதும் வேலையைத் தொடங்கிவிட்டேன். வீடு கட்டி மிஞ்சிய கட்டுக்கம்பியை வளைத்து எலும்பாக்கினேன். குளத்துக் களிமண்ணைப் பூசினேன். குவைத்திலிருந்து வந்திருந்த சின்னம்மாவிடம் கமெரா உள்ள போன் இருந்தது. எடுத்த படங்களை, பொத்தானை விடாமல் அமுக்கி ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளினால் மிருகம் அசைந்தது. ஆனால் நடக்கவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. நடப்பவர்களைக் கவனித்துப் பார்த்தேன். எல்லோரும் வேகமாகப் போனார்கள். ஒன்றும் பிடிபடவில்லை.

அப்பாவுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. ஷெல் கொண்டுபோனது. மன்னாரில் கொடுத்த செயற்கைக் கால் உரப்பைக்குள் மூலையில் கிடந்தது. அதைப் போட்டுக்கொண்டு ஆட்கள் முன்னால் நடக்க அவருக்குக் கூச்சம். ஊன்றுகோலோடு கிணற்றடிவரை போவார், அவ்வளவுதான்.

"அப்பா, அந்தக் காலைப் போட்டு ஒருக்கா நடந்து காட்டுவீங்களோ?" என்று கேட்டேன்.

அடுப்படியில் அம்மாவின் கை நின்றது.

"என்ர நடையைப் பாத்து என்ன செய்யப் போறாய்?"

"மற்றவை கெதியா நடக்கினம். நீங்கள்தான் மெல்ல நடப்பீங்கள்."

சொன்ன பிறகுதான் அது எப்படிப்பட்ட சொல் என்று எனக்கு உறைத்தது. அப்பா ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார். மறுநாள் நான் பள்ளியால் வந்தபோது, காலைப் பூட்டிக்கொண்டு சுவரைப் பிடித்தபடி முற்றத்தில் நின்றார்.

"சொல்லு. எங்க நிக்கோணும்?"

அவர் அடி எடுத்து வைக்க, நான் "நில்லுங்கோ" என்பேன். பாதி அடியில் அப்படியே நிற்பார். முகத்தில் வியர்வை வழியும். அவர் நிற்கும் நிலையை நான் மணலில் கீறி வைத்துக்கொள்வேன்.

"இப்ப பாரம் எந்தக் காலில?"

"இடதில." கொஞ்சம் யோசித்தார். "ஆனால் முதல்ல போறது கால் இல்லையடி. இடுப்புத்தான் போகுது. கால் பிறகு வருது."

அதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது. மூன்று நாள் பின்னேரங்களில் மிருகத்தின் இடுப்பை முதலில் தள்ளி, பிறகு காலை எடுத்துவைத்து, எண்பது படங்கள் எடுத்தேன். போனை அப்பாவிடம் கொடுத்தேன். அவரே பொத்தானை அமுக்கினார். மிருகம் வலப்பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, ஓர் அடி வைத்தது. இன்னோர் அடி வைத்தது.

"நான் இப்பிடியோ நடக்கிறன்?"

"ஓம்."

"பரவாயில்லை," என்றார். திரும்பவும் பார்த்தார். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அம்மா பார்த்துவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த மாரிக்காலத்தில் அப்பா செயற்கைக் காலோடு வயலில் இறங்கினார். அது சேற்றில் புதைந்துவிட்டது. அம்மாவும் நானும் இழுத்து எடுத்தோம். அதன் பிறகு வரம்பில் நின்று செய்யக்கூடிய வேலைகளை மட்டும் செய்தார். முழங்காலடியில் உரசிப் புண் வந்த நாட்களில் செயற்கைக் காலைக் கழற்றி வைப்பார். ஆறியதும் பூட்டிக்கொண்டு, பகலிலேயே, எல்லோரும் பார்க்க, சந்திக் கடைக்கு நடந்து போய் வருவார்.