என் மனைவியின் போனில் இருந்த குடும்பம்

செஞ்சி மார்க்கெட் கமிட்டியில், விற்க வரும் நெல்லைத் தரம் பார்ப்பது என் வேலை. ஒரு வியாபாரிக்காக மூட்டை மூட்டையாகக் குத்தூசியைச் சொருகி, வரும் நெல்லை உள்ளங்கையில் கொட்டிப் பார்ப்பேன். மேலே காய்ந்த நெல், நடுவில் ஈர நெல் என்று மூட்டை பிடிப்பவர்களைப் பார்த்துப் பார்த்து, யாரையும் லேசில் நம்ப எனக்கு வராது. இதை என் மனைவி வியாதி என்பாள். நான் அனுபவம் என்பேன்.

போன கோடையில் அந்த அனுபவம் அவள் மேலேயே திரும்பியது. ஒரு சனிக்கிழமை காலை அவள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். டிவி பக்கத்தில் சார்ஜில் கிடந்த அவள் போன் 'டிங்' என்றது. எட்டிப் பார்த்தேன். எட்டி எங்கே பார்த்தேன், எழுந்து போய்த்தான் பார்த்தேன். 'வாடகை இரண்டு மாதம் பாக்கி. நாளைக்குள் கட்டாவிட்டால் வீட்டுச் சாமான்கள் எடுத்துச் செல்லப்படும்' என்று வந்திருந்தது.

நாங்கள் இருப்பது சொந்த வீடு. இவள் யாருக்கு வாடகை கட்டுகிறாள்? திறந்து பார்க்கலாம் என்றால் போனில் பூட்டு. என் போனிலும் பூட்டு உண்டு, அது வேறு விஷயம்.

அடுத்த தெருவில் ஒரு பெண் போனிலேயே கடன் வாங்கிக் கட்ட முடியாமல் போக, அவள் படத்தைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பி அசிங்கப்படுத்திவிட்டார்கள். அந்தக் குடும்பம் ராவோடு ராவாக ஊரை விட்டுப் போனது. நமக்கும் அந்தக் கதிதானா என்று பயந்தேன். அவளையே கேட்டிருக்கலாம். கேட்டால் உஷாராகிவிடுவாள் என்று கேட்கவில்லை.

முதலில் பீரோவைத் திறந்தேன். வளையல் இரண்டும் இருந்தன. அதைப் பார்த்ததும் நிம்மதி வரவில்லை, இது கவரிங்காக இருந்தால் என்ற எண்ணம்தான் வந்தது. கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு கடைத்தெருவில் ஒரு நகைக்கடைக்குப் போனேன். கடைக்காரர் கல்லில் உரசிப் பார்த்துவிட்டு, "தங்கந்தான். வூட்ல சொல்லிட்டுத்தான எடுத்தாந்த?" என்றார். பெண்டாட்டி நகையைத் திருடி வந்தவன் என்று நினைத்துவிட்டார். தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன்.

அடுத்து தொண்டூரில் இருக்கும் அவள் தம்பி. டீக்கடை வாசலில் பளபளவென்று ஒரு பைக்கோடு நின்றான்.

"இன்னா மச்சான், வண்டி புதுசா இருக்குது?"

"செகண்ட்ஸ் மாமா. பெயின்ட் அட்ச்சிக்கிறேன்."

"துட்டு ஏது?"

"மல்லாட்டை போட்ட காசு. ஏன் மாமா, இன்னா டென்ஷனு?"

வேர்க்கடலை விற்ற காசில் பைக்கா? நம்பவில்லை. அக்காவும் தம்பியும் பேசி வைத்திருப்பார்கள் என்றே பட்டது.

மறுநாள் மதியம் சாப்பாடு முடிந்து அவள் போனோடு உட்கார்ந்தாள். கரண்ட் பில் ஆச்சு, பால் ஆச்சு என்று முணுமுணுத்தவள் திடீரென்று, "ஐயோ, ஃப்ரிட்ஜத் தூக்கினு போறானே!" என்று கத்தினாள். நான் சமையல்கட்டுக்கு ஓடினேன். ஃப்ரிட்ஜ் இருந்த இடத்தில் இருந்தது. திரும்பி வந்து போனைப் பிடுங்கினேன்.

திரையில் பொம்மை வீடு. ஒரு பெண், ஒரு சிறுமி, சோபாவில் படுத்திருக்கும் ஓர் ஆள்.

"கேமா?"

"கேம்தாங்க. நம்ம பொண்ணு லீவுல வந்தப்ப ஏத்திக் குடுத்தா. குடும்பம் நடத்தணும். சம்பளம் வரும், வாடக, பீஸு எல்லாம் கட்டி மிச்சம் புடிக்கணும். இல்லன்னா சாமானத் தூக்கினு பூடுவான்."

போன உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் சோபாக்காரனைப் பார்க்க எனக்கு என்னவோ போல் இருந்தது.

"இவன் யாரு?"

"நீங்கதான்."

"நான் எதுக்குப் படுத்துக்கினு கீறேன்?"

"உங்களுக்கு வேல போடல."

சுருக்கென்று கோபம் வந்தது. வெயிலில் மூட்டை குத்தி மூக்கெல்லாம் நெல் தூசி அடைத்து வருகிறவனைப் படுக்க வைத்திருக்கிறாள்! அவள் பதறாமல் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். கணவரின் மாதச் சம்பளம் என்று ஒரு கட்டம். காலியாக இருந்தது.

"எவ்ளோன்னு தெரிஞ்சாத்தான போட முடியும்? நீங்க குடுக்குற ஒம்பதாயிரத்தப் போட்டுப் பாத்தேன். மூணு வாட்டி சாமானத் தூக்கிட்டான். அதான் உங்கள வூட்ல வுட்டுட்டு நான் வேலைக்குப் போறேன்."

எங்கள் ஊர் ஆம்பளைகள் ஒன்றாம் தேதி வீட்டுச் செலவுக்கு என்று ஒரு தொகையைக் கொடுப்போம். மொத்தம் எவ்வளவு என்று நாங்களும் சொல்வதில்லை, பெண்களும் கேட்பதில்லை. என் நைனாவும் அப்படித்தான். மீதியில் ஆத்திர அவசரத்துக்கு என்று ஒரு சீட்டு கட்டிவருகிறேன். அது அவளுக்குத் தெரியாது.

"அப்ப நெசத்துல மட்டும் எப்டி ஓட்டுற?" என்றேன்.

"தையல் மிஷினு ஓடுற சத்தம் உங்களுக்குக் கேக்கறதே இல்லியா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் போனை என் கையில் கொடுத்தாள். "நீங்களே போடுங்க. நான் பாக்கல" என்று சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். நான் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தட்டினேன்.

அவள் வாங்கிப் பார்த்தாள். "பதினஞ்சாயிரமா!" என்றாள். "மிச்சம் ஆறாயிரத்துக்குச் சீட்டு கட்டினு வரேன்" என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "வேற எங்கியாச்சும் குடுக்குறீங்களோன்னு நான் இத்தினி வருசமா சந்தேகப்பட்டுக்கினு இருந்தேங்க. இன்னிக்கித்தான் மனசு ஆறுச்சு."

என் சம்பளம் பதினேழாயிரம்.