செகண்டரியும் செகண்ட்ஸும்

என் வீட்டுக்காரருக்குக் கழுத்தில் கட்டி வந்தது. லிம்போமா என்கிற புற்றுநோய் என்றார்கள். வேலூரில் மருந்து ஏற்றி, ரேடியேஷன் கரண்ட் வைத்து, அந்த ஈசன் புண்ணியத்தில் நல்லபடி ஆனது. அனுப்பும்போதே டாக்டரம்மா சொன்னார்: ஏற்றின மருந்தே சிலபேருக்குச் சில வருஷம் கழித்து ரத்தப் புற்றுநோயைக் கொண்டுவரலாம், அதைச் செகண்டரி லுக்கிமியா என்பார்கள், ரொம்பப் பேருக்கு வராது, ஆனால் ரத்தப் பரிசோதனையை விடாதீங்க, காரணமில்லாமல் நீலம் பாய்ந்தாலோ அசதி வந்தாலோ உடனே வாங்க.

இவருக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் செக்கிங் வேலை. அங்கே செகண்ட்ஸ் என்றால் தையல் லேசாகக் கோணின ஜோடி. எக்ஸ்போர்ட்டுக்குப் போகாது, ஆனால் உழைக்கும். எங்கள் வீட்டில் எல்லார் காலிலும் அதுதான்.

இந்த ஆடியில் அவர் தொடையில் நீலம் பாய்ந்திருந்தது. படி ஏறினால் உட்கார்ந்துவிடுவார். பரிசோதனைக்குப் போயும் நாளாகியிருந்தது.

"வேலூர் போய்ட்டு வந்துடலாங்க."

"இன்னாத்துக்கு? அப்படியே வந்தாலும் செகண்ட்ஸ் தானே. ஒரிஜினலையே பாத்துட்டு வந்தவன் நானு."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. இத்தனை நாளும் அதைச் சின்ன நோய், தரம் குறைந்த நோய் என்றே நம்பியிருக்கிறார். ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்துப் பையில் வைத்தேன்.

"தோலுக்குத்தான் தரம் பிரிப்பாங்க. நோவுக்கு யாரு பிரிச்சா? கெளம்புங்க."

பஸ் விரிஞ்சிபுரம் திருப்பத்தைத் தாண்டும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அங்கே சாமிக்கே வழித்துணைநாதர் என்றுதான் பேர். துணைக்கு வருவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் துணைக்கு வர நாமும் நடக்க வேண்டுமில்லையா.

ஆஸ்பத்திரியில் இவர் செகண்ட்ஸ் என்று நினைத்திருந்ததைச் சொன்னேன். டாக்டரம்மா கோபிக்கவில்லை. "செகண்டரின்னா ரெண்டாந்தரம் இல்லைங்க. முதல் நோய்க்குக் குடுத்த வைத்தியத்தால பின்னாடி வர்றது. வந்தா முதல்ல வந்ததைவிட முரட்டுத்தனம் ஜாஸ்தி. அதான் சீக்கிரம் பிடிக்கணும்கிறேன்."

இவர் ரத்தம் எடுத்த இடத்துப் பஞ்சை அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நான் வாய்க்குள் சிவ நாமம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் கூப்பிட்டார்கள். ரத்தத்தில் எல்லாம் சரியாக இருந்தது. நீலம், அட்டைப்பெட்டியைத் தொடையில் முட்டுக் கொடுத்துத் தூக்குவதால். அசதி, ஓவர்டைம்.

"இப்ப இல்லைன்னா இனிமேயும் வராதுன்னு அர்த்தமில்ல. சொன்ன தேதிக்கு வந்துடணும்" என்றார் டாக்டரம்மா.

"வர்றேம்மா" என்றார் இவர். "செக்கிங்காரனே செக்கிங்குக்கு டிமிக்கி குடுக்கலாமா."

திரும்பும்போது விரிஞ்சிபுரம் திருப்பத்தில் எனக்கு முன்னால் அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.