வந்து சேராத ராசா

கத்தரீனாள் சும்மா உட்கார்ந்து பார்த்தவர்கள் அந்தத் தோட்டத்தில் யாரும் கிடையாது. ராயப்பன்பட்டியில் பிறந்து, கட்டிக்கொடுத்த கையோடு கூலியாள் சேர்க்கும் கங்காணி பின்னால் மலையேறி, குமுளிக்கு மேற்கே வெள்ளைக்காரத் துரையின் தேயிலைக்காட்டுக்கு வந்தவள். கொழுந்துக்கூடையை இறக்கியதும் அவள் கை வேறு வேலை தேடும். ஓடைக்கரையில் நல்ல களிமண் கிடப்பதைக் கண்டுபிடித்ததும் அந்தக் கைதான். மதுரையிலிருந்து சாமி சுரூபங்கள் வாங்க, கூலிகளின் வரிசைவீடான லயத்துச் சனங்களுக்கு வக்கில்லை என்று சாமியார் இல்லாத நாளில் கோவிலைக் கவனிக்கும் உபதேசியார் புலம்பிய வருஷம், தகரக் கொட்டகைக் கோவிலுக்கு வேண்டிய கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளை அவளே செய்தாள். மாதாவின் புருஷர் சூசையப்பர் அச்சு அசலாகக் கங்காணி மாதிரி வந்துவிட்டார். லயமே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. கங்காணிக்குக் கோபம் வரும் என்று பார்த்தால், மீசையை இன்னும் கொஞ்சம் முறுக்கிவிடச் சொல்லிவிட்டுப் போனார். அந்த மனுஷரிடம் யார் என்ன சொல்ல?

மலைக்காய்ச்சல் லயத்து ஏசுரத்தினத்தைக் கொண்டுபோன வருஷம் சிரிப்பு நின்றது. அவன் பெண்டாட்டி அன்னமேரி வந்து, இடையர் பொம்மை ஒன்றுக்கு அவன் முகத்தை வைக்க முடியுமா என்று கேட்டாள். கத்தரீனாள் வைத்துக் கொடுத்தாள், கிழிந்த காதுமடல் உட்பட. அன்னமேரி குடில் முன்னால் உட்கார்ந்து ஆசைதீர அழுதாள். பிறகு எழுந்து போய் உலை வைத்தாள். அதற்கப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. அந்தந்த வருஷம் செத்தவர்கள் டிசம்பரில் இடையராகவோ இடைச்சியாகவோ குடிலுக்கு வந்துவிடுவார்கள். இது நல்லதா கெட்டதா என்று உபதேசியாருக்குப் பிடிபடவில்லை. தடுக்கவும் அவருக்குத் தைரியமில்லை.

அந்த வழக்கம் கடைசியில் கத்தரீனாள் கழுத்தையே பிடித்தது. அவள் புருஷன் யாக்கோபு ஏலக்காய் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு குமுளி வழியாகக் கம்பத்துக்கு இறங்கினவன்தான். மூட்டையும் போய்ச் சேரவில்லை, ஆளும் திரும்பவில்லை. ஆனை அடித்திருக்கும் என்றார்கள் சிலர். மூட்டையை விற்றுவிட்டு இலங்கைக்குக் கப்பலேறியிருப்பான் என்றார்கள் நாக்குக் கூசாதவர்கள். ஞாயிறு தவறாமல் அவள் குமுளிக்கு நடந்தாள். மலையேறி வருகிற சுமைக்காரர்களை வழிமறித்து, அங்கே பார்த்தீர்களா, இங்கே பார்த்தீர்களா என்று துளைத்தெடுத்தாள். அவள் தலையைக் கண்டாலே சிலர் ஒதுங்கிப் போக ஆரம்பித்தார்கள். அவளுக்கு அது உறைக்கவே இல்லை.

மாமியார் செபமாலையம்மாளும் அதே லயத்து அறையில்தான் இருந்தாள். பெற்றவளுக்கும் தூக்கம் போய்விட்டது. மகன் செத்தான் என்று யாராவது சொன்னால் மாரடித்து அழுது தீர்க்கலாம். எங்கோ இருக்கிறான் என்றால் வாயாரத் திட்டலாம். இரண்டுமில்லாமல் கிடப்பது உயிரை அறுத்தது. டிசம்பர் பிறந்தால் போதும், அவனையும் ஒரு இடையனாகச் செய்து வைத்துவிடு என்று மருமகளை நச்சரிப்பாள். கத்தரீனாளும் மண்ணை எடுப்பாள். நெற்றி வரும், மூக்கு வரும். கண்ணைத் திறக்க வேண்டிய இடத்தில் எல்லாவற்றையும் பிசைந்து உருண்டையாக்கிவிடுவாள். குடிலில் வைத்தால் தன் கையாலேயே அவனைக் கொன்றதாகிவிடும் என்று பயம். செய்யாமல் இருக்கவும் கை அடங்கவில்லை.

மூன்றாவது டிசம்பரில் அவள் பிசையவில்லை. கண்ணையும் திறந்து, அடுப்புக்கு மேலே பரணில் காயவைத்துக் கோவிலுக்கு எடுத்துப்போனாள். செபமாலையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்தியபடி பின்னாலேயே போனாள். ஆனால் மருமகள் குடில் பக்கமே போகவில்லை. வாசற்படியருகே, பாலன் ஏசுவைக் காண வரும் மூன்று ராசாக்களின் பொம்மைகள் நின்றன. கிறிஸ்துமஸ் அன்று அவர்கள் இன்னும் வழியில்தான் இருப்பார்கள். உபதேசியார் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஜனவரியில் ராசாக்கள் திருநாளன்றுதான் பாலன் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார். கத்தரீனாள் மூன்றாவது ராசாவை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு அந்த இடத்தில் யாக்கோபை நிறுத்தினாள். தலையில் கிரீடம் இல்லை, ஏலக்காய் மூட்டை இருந்தது. மகனைச் சாகவும் விடாமல் பிழைக்கவும் விடாமல் நடுவில் நிற்க வைத்துவிட்டாள் என்று மாமியார் அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

அவனை மட்டும் யாரும் நகர்த்தத் துணியவில்லை. திருநாளன்று உபதேசியார் மற்ற இரண்டு ராசாக்களையும் பாலன் முன்னால் வைத்தார். யாக்கோபை எடுக்கக் குனிந்தபோது கத்தரீனாள் முந்திக்கொண்டு கையில் எடுத்துக்கொண்டாள். இன்றைக்கு மூன்று பேரும் வந்து சேர்ந்தாக வேண்டும், அதற்குத்தானே திருநாள் என்று அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

"வராதவுகள வந்துட்டாகன்னு எப்படிங்கய்யா வைக்கிறது?" என்றாள் அவள்.

உபதேசியார் செபமாலையம்மாளைப் பார்த்தார். அவள் எழுந்து வந்தாள். பொம்மையைப் பிடுங்கிக் குடிலில் வைக்கப்போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் மகன் முகத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"வழியிலயே நிக்கட்டும்த்தா. தலையில இருக்கத மட்டும் எறக்கி விடு. எம்புட்டு நாளைக்குத்தான் சுமப்பான்?"

கத்தரீனாள் வாசலில் இருந்த தீர்த்தச் சட்டியில் விரலை நனைத்து மூட்டையின் அடியில் தேய்த்தாள். காய்ந்த மண் இளக நேரமெடுத்தது. அதுவரை மாமியார் பொம்மையை ஆடாமல் பிடித்துக்கொண்டாள். மூட்டை கழன்று வந்ததும் இரண்டு பேருமாக அவனைப் படியோரம் நிறுத்தி, அதை அவன் காலடியில் வைத்தார்கள்.